கண்ணாடித் தகடும் கணினியும்

முந்திரிகைத் தோட்டங்களிலே இன்று ஒரு புதுமை நிகழ்ந்து வருகிறது. பந்தல்களின் நடுவே ஒரு கம்பம் நாட்டப்படுகிறது. அக்கம்பத்தில் இலைபோன்ற சிறு தகடொன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதன்மேல் பனியோ மழைத்துளியோ படிந்தால், தகட்டிலுள்ள மெல்லிய உலோகக் கோடுகளுக்கிடையே மின் தடை மாறுகிறது. அம்மாற்றத்தைக் கருவி எண்ணாக்கி அனுப்புகிறது. இலை எத்தனை மணி நேரம் ஈரமாயிருந்தது, அவ்வேளையில் வெப்பம் எத்தனை பாகை என்ற இரண்டையும் கணினி சேர்த்துப் பார்த்து, நோய் வருமா வராதா என்று கணிக்கிறது. கமக்காரனின் கைத்தொலைபேசிக்குச் செய்தி வருகிறது: இன்று மருந்து தெளி, அல்லது தெளிக்காதே. வைன் வடிக்கும் ஆலைகளிலும் இதே கதைதான். உருக்குத் தாழிகளில் நொதிக்கும் சாற்றின் வெப்பத்தையும் அடர்த்தியையும் உணரிகள் இரவும் பகலும் அளந்து, குளிர்நீரைத் தாமே திறந்தும் அடைத்தும் விடுகின்றன.

டிஜிட்டல் என்று உலகோர் வழங்கும் இந்த எண்ணிமத் தொழில்நுட்பத்தைச் செல்வந்த நாடுகளின் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உளர். உழவனின் துயரெல்லாம் இதனால் ஒழிந்துவிடும் என்று கொண்டாடுவோரும் உளர். இரு சாராரும் இக்கம்பத்தை நேற்று முளைத்ததாகவே கருதுகின்றனர். ஆனால் இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வமிசாவளி உண்டு. அதன் முக்கியமான தலைமுறைகளுள் ஒன்று பிறந்தது பிரான்சிலோ கலிபோர்ணியாவிலோ அன்று. நமது கண்டி மலைகளிலேதான்.

கண்டியிலிருந்து அக்குறணை, அலவத்துகொட வழியாக மாத்தளைக்குச் செல்லும் வீதியில் இன்று மிளகுக் கொடியையும் கராம்பையும் சாதிக்காயையும் காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலைகளை ஆண்ட பயிர் கோப்பி. தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து மன்னாரிலே கரையேறி, காட்டுவழியாகத் தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்து கண்டிக்கு நடந்த கூலிகளின் பாதை இதுவே. நடந்தவர்களில் எத்தனை பேர் வாந்திபேதியால் வழியிலேயே மாண்டனர் என்பதற்கு முழுமையான கணக்கில்லை. ஆனால் துரைமார் ஏற்றுமதி செய்த கோப்பிக்கு அந்தர் அந்தராகக் கணக்கு இருக்கிறது. பதிவு என்பது எதை எழுதுகிறது, எதை எழுதாது விடுகிறது என்ற வினாவை இவ்விடத்திலேயே நாம் எழுப்பிக்கொள்வது நல்லது.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமையிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். பேர்க்லி என்னும் பங்கசு ஆராய்ச்சியாளர் அவ்வாண்டிலேயே அதனைப் புதிய பங்கசு என்று விவரித்து, 'அழிப்பது' என்று பொருள்படும் சொல்லை அதன் பெயரிலே வைத்தார். தோட்டத் துரைமார் அதனை முதலிற் பொருட்படுத்தவில்லை. கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே விளைச்சல் குறையக் குறைய மேலும் மேலும் காட்டை வெட்டிக் கோப்பியையே நட்டார்கள். 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேல் கோப்பி பரவி நின்றது. நோய்க்கு இதைவிடச் சிறந்த விருந்து வேறென்ன வேண்டும்?

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் அரசாங்கத்தால் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. தோட்டங்களினிடையே காற்றுப்படும்படி கண்ணாடித் தகடுகளை அவர் தொங்கவிட்டார். அவற்றில் வந்து படிந்ததை நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்தார். பங்கசின் வித்திகள் காற்றிலே பயணம் செய்கின்றன என்பதற்கு அத்தகடுகளே சாட்சியாயின. இலையின்மீது நீர்த்துளி தங்கியிருந்தாலன்றி அவ்வித்திகள் முளைப்பதில்லை என்பதையும் அவர் நிறுவினார். முளைத்து இலைக்குள் நுழைந்த பின்னர் எந்த மருந்தும் பயன்படாது. நுழையுமுன்னரே இலையை மூடிக் காக்கவேண்டும். அம்மருந்தும் மழையிலே கழுவுண்டு போகும். இடைவெளியின்றி ஒரே பயிரை மலைக்கு மலை நட்டதுதான் காற்றுக்குக் கதவு திறந்துவிட்டது என்பதும் அவரது அறிக்கைகளிலிருந்து விளங்கும். இன்றைய முந்திரிகைத் தோட்டத்துக் கம்பம் அளப்பது எதனை? வார்ட் கண்ட அதே இலை ஈரத்தைத்தான். கண்ணாடித் தகட்டின் இடத்தை உலோகக் கோடு பிடித்திருக்கிறது. நுணுக்குக்காட்டியின் முன்னே குனிந்திருந்த மனிதனின் இடத்தைக் கணினி பிடித்திருக்கிறது.

வார்ட் 1882இல் நாடு திரும்பினார். துரைமாருக்கு அவர்மீது மனக்கசப்பே மிஞ்சியது, அவர் மருந்து கொண்டுவரவில்லையென்று. பயிர் விழுந்தது, 1884இல் ஓரியன்டல் வங்கியும் விழுந்தது. கடனாளித் துரைமார் பலர் நாட்டைவிட்டுக் கப்பலேறினர். கூலிகளுக்கோ மாதக்கணக்கான சம்பளம் நிலுவையில் நின்றது. சென்னை மாகாணத்துப் பெரும் பஞ்சத்தின் நினைவு மாறாத ஊர்களுக்கே அவர்கள் வெறுங்கையுடன் திரும்பவேண்டியிருந்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையிலே பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலை முதலாளிகளைக் கைதூக்கிவிட்டது. மலை மாறவில்லை, லயம் மாறவில்லை, செடி மாத்திரம் மாறிற்று.

இதே ஆண்டுகளில் பிரான்சின் முந்திரிகைத் தோட்டங்களும் அழிந்துகொண்டிருந்தன. கப்பற் போக்குவரத்தோடு அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பேன் 1860களில் தெற்குப் பிரான்சிலே கொடிகளைக் கொன்றது. 1868இல் பிளாஞ்சோன் அதனை இனங்கண்டார். அதற்கு மாற்றாக அமெரிக்க வேர்க்கொடிகளைக் கொணர்ந்தபோது, இன்னொரு விருந்தாளியும் கூட வந்தது. அதுவே 1878இல் பிரான்சிலே காணப்பட்ட அடிச்சாம்பல் நோய். கோப்பித் துருவைப்போல இதுவும் காற்றில் வரும். இலை ஈரத்திலே முளைக்கும்.

1882ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மெடோக் பிரதேசத்து வீதியொன்றில் சென்றுகொண்டிருந்த மில்லார்டே என்னும் பேராசிரியர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். எங்கும் இலையுதிர்ந்து நின்ற கொடிகளிடையே வீதியோரத்துக் கொடிகள் மாத்திரம் பசுமையாயிருந்தன. விசாரித்தார். வழிப்போக்கர் பழத்தைப் பறித்துத் தின்னாதபடி, துருசையும் சுண்ணாம்பையும் கலந்து பார்ப்பதற்கு அச்சமூட்டும் நீலநிறத்தில் அவற்றின்மேல் தெளித்திருப்பதாகத் தோட்டக்காரர் கூறினர். 1885இல் போர்டோ கலவை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வார்ட் தேடிக் காணாத மருந்து, பசித்த வழிப்போக்கனைத் துரத்துவதற்காகப் பூசிய நஞ்சிலிருந்து கிடைத்தது! தனியுடைமையின் கஞ்சத்தனம் விஞ்ஞானத்துக்குச் செய்த உபகாரங்களில் இதுவும் ஒன்று எனலாம்.

மருந்து கிடைத்தபின் எழுந்த வினா, எப்போது தெளிப்பது என்பது. ஒவ்வொரு மழைக்கும் தெளித்தால் சிறு கமக்காரனின் கையிருப்புக் கரைந்துவிடும். தவறவிட்டால் விளைச்சல் போய்விடும். 1898இல் ஜிரோந்து மாவட்டத்துக் காடியாக் என்ற ஊரில் எச்சரிக்கை நிலையமொன்று தொடங்கப்பட்டது. வானிலையையும் கொடியின் வளர்ச்சியையும் கவனித்து, தெளிக்கவேண்டிய நாளைக் கமக்காரருக்கு முன்னறிவிப்பது அதன் பணி. பின்னர் 1947இல் இத்தாலியரான பால்தாச்சி, எவரும் நினைவில் வைக்கக்கூடிய விதியொன்றை வகுத்தார். வெப்பம் பத்துப் பாகைக்குக் குறையாமலும், தளிர் பத்துச் சென்ரிமீற்றருக்குக் குறையாமலும், ஓரிரு நாட்களில் பெய்த மழை பத்து மில்லிமீற்றருக்குக் குறையாமலும் இருந்தால் நோயின் முதல் தாக்குதலை எதிர்பார்க்கலாம். இந்த 'மூன்று பத்து' விதிக்கு ஒரு வெப்பமானியும் ஓர் அடிமட்டமும் ஒரு மழைமானியும் போதும். இன்றைய கணினிக் கணிப்புகள் இதனினும் நுட்பமானவை என்பதில் ஐயமில்லை; ஆயினும் அவற்றின் அத்திவாரம் இதுவே.

இங்கு நாம் சற்றுத் தரித்து நிற்கவேண்டும். கண்டியிலே அறிவு கிடைத்தும் பயிரும் மக்களும் வீழ்ந்ததேன், பிரான்சிலே கமக்காரர் தப்பியதேன்? மருந்து கிடைத்தமை ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம், அங்கே நிலம் பெரும்பாலும் சிறு உடைமையாளர் கையிலிருந்தது, அவர்கள் ஒன்றுபட்டனர். 1901இல் மரோசான் என்னும் தென்பகுதிக் கிராமத்தில் 'சுதந்திர முந்திரிகைக் கமக்காரர்' என்ற பெயரில் கூட்டுறவு அமைப்பொன்று தோன்றியது. சோசலிசத் தலைவரான ஜோரே 1905இல் அங்கு சென்று அதனைப் பாராட்டினார். 1907இல் தெற்குப் பிரான்சு முழுவதும் கொந்தளித்தெழுந்தது. வைனின் விலை வீழ்ந்துகிடக்க, வணிகர் சர்க்கரையையும் நீரையும் கலந்து போலி வைன் விற்றனர். இலட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர். அவர்களை அடக்க வேண்டிய 17ஆம் காலாட்படையினரே கலகம் செய்தனர். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் பிறந்த சட்டம் ஒவ்வோர் உற்பத்தியாளனும் தனது நிலப்பரப்பையும் விளைச்சலையும் ஆண்டுதோறும் அறிவிக்கவேண்டும் என்று விதித்தது. விளைந்ததற்கு மேல் விற்பவன் பிடிபடுவான். கமக்காரன் தனது எண்களைப் பதியும்படி விதித்த சட்டம், கமக்காரரின் போராட்டத்திலிருந்தே பிறந்தது. வைன் வரலாற்றில் பதிவேட்டின் பிறப்பு இத்தகையது என்பதை நினைவிற் கொண்டு, நாசிக்குக்குச் செல்வோம்.

மகாராட்டிரத்து நாசிக் மாவட்டம் இந்திய முந்திரிகையின் தலைநகர். 1991இல் கூட்டுறவுச் சங்கங்கள் இணைந்து 'மகாகிரேப்ஸ்' என்ற ஏற்றுமதி அமைப்பை உருவாக்கின. 1997இல் சூலா நிறுவனம் அங்கே வைன் முந்திரிகை நட்டது. 2001இல் மாநில அரசு வைன் தொழிலுக்குச் சலுகைகள் வழங்கியது. வைன் ஆலைகளை நம்பிப் பழைய கொடிகளைப் பிடுங்கிப் புதியன நட்ட சிறு கமக்காரர் பலர், 2008ஐ அடுத்த மந்தத்தில் வாங்குவாரின்றித் தவித்து, நட்ட கொடிகளை மீண்டும் பிடுங்கினர். உண்ணும் பழத்தைச் சந்தையில் விற்கலாம். வைன் பழத்தை ஆலையைத் தவிர வேறு யாரிடம் விற்பது? அதன் விலையும் சாற்றிலுள்ள சர்க்கரையின் அளவைப் பொறுத்தே நிர்ணயிக்கப்படுகிறது. அளக்கும் கருவி உள்ளங்கையில் அடங்குவது, எவரும் வாங்கக்கூடியது. ஆயினும் ஆலை வாயிலில் அளப்பவன் எவனோ அவன் வாசித்த எண்ணே விலையாகிறது.

ஏற்றுமதிப் பழத்தின் கதை வேறு. ஐரோப்பியச் சந்தை மருந்தெச்சத்தைக் காட்டிப் பழத்தைத் திருப்பியனுப்பத் தொடங்கியதும், இந்திய அரசின் ஏற்றுமதி வளர்ச்சி நிறுவனமான அபீடா 2006–07இல் 'கிரேப்நெட்' என்னும் இணையவழிப் பதிவமைப்பைத் தொடங்கியது. ஏற்றுமதிக்குரிய ஒவ்வொரு தோட்டமும் பதிவு எண் பெற்றது. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடங்களின் சோதனை முடிவுகள் அதிலே ஏறின. ஐரோப்பியக் கடையிலுள்ள பெட்டியொன்றின் குறியீட்டைக் கொண்டு, அது எந்தக் கமக்காரனின் எந்தத் துண்டு நிலத்தில் விளைந்தது என்று கண்டுபிடிக்கலாம். ஏழை நாடொன்றின் சிறு கமக்காரரை ஒரே வலையமைப்பில் கொண்டுவந்தது சாதாரண சாதனையன்று. இதனை மனமாரப் பாராட்டவேண்டும்.

ஆனால் 2010இல் நிகழ்ந்தது என்ன? ஐரோப்பாவுக்குச் சென்ற பழத்தில் குளோர்மெக்குவாட் என்னும் வளர்ச்சி ஒழுங்காக்கியின் எச்சம், கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்ற எல்லைக்கு மேல் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பழம் துறைமுகங்களிலே தேங்கியது. கிரேப்நெட் அதனை ஏன் முன்கூட்டியே காணவில்லை? சோதிக்கவேண்டிய இரசாயனங்களின் பட்டியலில் அப்பெயர் இல்லை. கமக்காரர் நெடுங்காலமாக, ஒளிவுமறைவின்றிப் பயன்படுத்தி வந்த மருந்து அது. கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் கணினி சரியாகவே பதில் சொல்லியிருந்தது. கேளாத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்? நட்டம் ஏற்றுமதியாளர் வழியாகக் கமக்காரர் தலையிலே இறங்கியது. நட்டஈடு கேட்டு அவர்கள் குரலெழுப்பினர். பெட்டியிலிருந்து தோட்டத்தைக் கண்டுபிடிக்கும் வழி இருந்தது. தோட்டத்திலிருந்து புறப்பட்டுப் பட்டியலை வகுத்தவனைக் கண்டுபிடிக்கும் வழி அவ்வமைப்பில் இருக்கவில்லை. 1907ஆம் ஆண்டுச் சட்டம் வணிகனைக் கண்காணிக்கக் கமக்காரன் கேட்டுப் பெற்றது. கிரேப்நெட்டோ கமக்காரனைக் கண்காணிக்க வாங்குவோன் கேட்டுப் பெற்றது. இரண்டும் பதிவேடுகளே.

உழைப்பாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கலிபோர்ணியாவின் கதை இன்னும் தெளிவானது. 1965 செப்டெம்பர் 8ஆம் நாள் டெலானோவில் லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பினோத் தொழிலாளர் முந்திரிகைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினர். மெக்சிக்க வமிசத்துத் தொழிலாளரும் விரைவில் இணைந்தனர். மதுபான நிறுவனமான ஷென்லி 1966இல் முதலில் இறங்கிவந்தது. மற்றைய முதலாளிகளிற் பெரும்பாலோர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட 1970 வரை சென்றது. அதே தசாப்தத்திலேதான் பழம் உலுக்கும் இயந்திரமும் தோட்டத்திற் புகுந்தது. இன்று அம்மாநிலத்து வைன் பழத்தின் பெரும்பகுதியை இயந்திரமே பறிக்கிறது. 1999 அளவில் ஆஸ்திரேலியாவில் இத்தகைய இயந்திரத்தில் நிறையறி கருவியையும் செய்மதி மூலம் இடமறியும் கருவியையும் பொருத்தி, தோட்டத்தின் எந்த மூலையில் எவ்வளவு விளைந்தது என்ற வரைபடத்தை வரைந்தனர். ஒரே தோட்டத்தினுள் விளைச்சல் எட்டுப் பத்து மடங்கு வேறுபடலாம் என்பது புலனாயிற்று. ஆண்டாண்டாக அதே வரிசைகளில் பழம் பறித்த கைகளுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? எவரும் அவர்களைக் கேட்டு எழுதிவைக்கவில்லை.

இயந்திரத்தை உடைப்போம் என்று கூற நான் இதனை எழுதவில்லை. நமக்கு அண்மையிலுள்ள தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். அங்கு விளையும் பன்னீர்த் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பர். 1895இல் கட்டிமுடிந்த முல்லைப் பெரியாற்று அணையின் நீரால் வளம்பெற்ற பூமி அது. சிறு கமக்காரர் பந்தலிலே ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் அறுவடை செய்கின்றனர். 2023இல் அப்பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆண்டு முழுவதும் இலையிருப்பதால் ஆண்டு முழுவதும் நோயும் உண்டு. நாட்காட்டியைப் பார்த்து மருந்தடிக்கும் வழக்கமும் உண்டு. இலை ஈரத்தை அளக்கும் கம்பம் பத்துத் தெளிப்பில் மூன்றைத் தவிர்த்தாலும், மிஞ்சுவது பணம் மாத்திரமன்று. பந்தலின்கீழ் அண்ணாந்து நின்று, தலைக்கு மேலே தெளித்து, அம்மருந்தைத் தானே சுவாசிக்கும் கூலியாளின் நெஞ்சுங்கூட. தனியொருவனால் வாங்க முடியாத கருவியை ஊர் சேர்ந்து வாங்கலாம். ஒரு கம்பத்தின் செய்தி அண்டைத் தோட்டங்கள் பலவற்றுக்கும் பயன்படும், காற்றும் பனியும் வேலி பார்ப்பதில்லை. ஆனால் கம்பனிகள் அதனைத் தோட்டம் தோட்டமாக, சந்தா வைத்து விற்கின்றன. கமக்காரன் சந்தாவும் கட்டுகிறான், தன் நிலத்தின் எண்களையும் கொடுக்கிறான். கணக்குத் தீராத பண்டமாற்று இது!

நமது நாட்டில் முந்திரிகை என்றால் யாழ்ப்பாணம். தமிழகத்தார் முந்திரி என்றவுடன் பருப்பை நினைப்பர். யாழ்ப்பாணத்தாருக்கு முந்திரிகை என்றால் கொடியிலே தொங்கும் பழம். 'இஸ்ரேல் புளூ' என்னும் கருநிற இனம் வலிகாமத்துச் செம்மண்ணில் பந்தலேறியது. 1928இல் தோன்றிய தோலகட்டி ஆச்சிரமத்தின் முந்திரிகை ரசமும் நெல்லி ரசமும் தென்னிலங்கை வரை பெயர் பெற்றன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே ஓர் இரவில் இடம்பெயர்ந்தபோது, வெட்டிக் கட்டி நீரூற்றும் கையின்றிப் பந்தல்கள் கிடந்தன. மீண்டவர்கள் மீண்டும் நட்டார்கள். அங்கே இலை ஈரத்தோடு மண்ணீரத்தையும் அளக்கவேண்டியிருக்கிறது. சுண்ணக்கல்லின் அடியிலுள்ள நீரே குடிப்பதற்கும் இறைப்பதற்கும் ஒரே நீர். அதிகமாக இட்ட உரம் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கே திரும்பி வருகிறது. எவ்வளவு இறைத்தால் போதும் என்று சொல்லும் மண்ணுணரி அங்கே முந்திரிகைக்கு மாத்திரமல்ல, குடிக்கும் குழந்தைக்கும் வேண்டிய கருவி. அதனை ஒரு கம்பனியின் சந்தாப் பொருளாக விடுவதா, கமநல நிலையத்தின் பொறுப்பாக்குவதா என்பது விஞ்ஞானிகள் தீர்மானிக்கும் விடயமன்று. அது அரசியல்.

எமது மலைகளில் வைன் இல்லை. எனினும் எண்ணிமம் வந்துவிட்டது. சில தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்க மின்னணுத் தராசு வைத்திருக்கிறார்கள். பறித்தவளின் பெயரும் நிறையும் உடனுக்குடன் பதிவாகின்றன. பழைய தராசின் தட்டிலே விரல் வைத்து ஏமாற்றிய காலம் போய்விட்டது என்று முதியவர்கள் மகிழ்கின்றனர், மகிழ்வதில் நியாயமுண்டு. ஆனால் மழை நாளில் கொழுந்து ஈரமாயிருக்கிறது என்றும், சாக்கின் பாரம் என்றும் கிலோக்களைக் கழிக்கும் பழக்கம் பழையது. பல தோட்டங்களில் அது இன்னும் ஓயவில்லை. முந்திரிகைத் தோட்டத்திலே இலையின் ஈரத்தை நிமிடக் கணக்கில் அளக்கத் தெரிந்த தொழில்நுட்பம், மலையிலே அந்த ஈரத்தை இதுவரை அளக்கவில்லை. எத்தனை கிலோ கழிப்பது என்பதைக் கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்த்துச் சொல்கிறார். தராசு அதையும் பிசகாமற் பதிந்துகொள்கிறது.